தீர்ப்புச் சொல்லாத எஸ்தர் டீச்சர்

என் மூத்தவன் வீட்டுப் பேரன் இந்த வருஷம் ஸ்கூல் பைனலில் தமிழிலும் கணக்கிலும் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருக்கிறான். அவன் தங்கை தையலில் பரிசு வாங்கினாள். அவள் போட்ட பூவேலைத் துணியைப் பரிசு கொடுக்க வந்த துரைசானியே கேட்டு வாங்கிக்கொண்டு போனாளாம். இளையவன் வீட்டுப் பேரனுக்கு ரயிலில் பயர்மேன் வேலை கிடைத்திருக்கிறது. மகள் வயிற்றுப் பேரன் தங்கப்பாண்டி ஒன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே மூன்றாம் வகுப்புப் புஸ்தகத்தைத் தட்டாமல் வாசிக்கிறான். அஞ்சலி எழுத உட்கார்ந்தவள் பேரப்பிள்ளை புராணம் பாடுகிறாளே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எஸ்தர் டீச்சர் என்னைக் கண்டால் முதலில் கேட்பது இதைத்தான். "பிள்ளைக என்ன செய்யுதுக? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்பார். மேலே சொன்னதெல்லாம் அவரிடம் சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்தவை.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போன பேத்தி பையோடு திரும்பி வந்து மேல்படியிலேயே நின்றாள். "பள்ளிக்கூடம் லீவு, அப்பத்தா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அழுதாள். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் அந்தப் பக்கம் வந்து போவார், அதனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள்.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் நின்றார். பெயர் வேண்டாம். அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பொம்பளைப் பஞ்சாயத்து இன்னியோட ஒழிஞ்சுது" என்றார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. மண் போடுகிற இடத்தில் சண்டை கூடாது என்று அன்றைக்கு வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். இப்போது பள்ளிக்கூடத்தார் நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்துப் போயிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்த மலரில் எழுதுகிற மற்றவர்கள் டீச்சர் சாந்தமானவர், பொறுமைசாலி என்று எழுதுவார்கள். எழுதட்டும். நான் பார்த்த எஸ்தர் டீச்சர் பிடிவாதக்காரி. சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு அறையைத் திறந்து வைப்பார். புருஷன் பெண்டாட்டி, மாமியார் மருமகள், பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பி என்று யார் வழக்கோடு வந்தாலும் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ஒரு பெஞ்சில் இந்தப் பக்கத்து ஆள் ஒருவர், அந்தப் பக்கத்து ஆள் ஒருவர். மீசையை முறுக்கிக்கொண்டு வந்த சம்சாரிமார் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஒருவர், "ஒரு நாற்காலி கூடவா இல்லை?" என்று முறைத்தாராம். "இருக்கு. உங்களுக்குக் குடுத்தா அவருக்கும் குடுக்கணும். ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தானும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாராம்.

ஊர் என்னென்ன பேசியது தெரியுமா? கல்யாணமே கட்டாதவளுக்குக் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். ஒரு நாள் சந்தைக்குப் போகிற வழியில் ஒருத்தி இதை டீச்சர் முகத்துக்கு நேராகவே கேட்டாள். நானும் கூட இருந்தேன். டீச்சர் கோபப்படவில்லை. "இந்த ஊருல யாருக்கும் சம்பந்தியா இல்லாத ஆளு நான் ஒருத்திதான். அதனாலதான் என்கிட்ட வர்றாங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை அழுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இனி எங்கள் வீட்டு விஷயம். இதை மறைத்துவிட்டு டீச்சரைப் பற்றி எழுதினால் அது எழுத்தே இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். என் மகள் மீனாளை வண்டியூர் தாண்டி ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கருப்பையா அதிகம் பேசாதவர். பிள்ளைக்கு, அதுதான் இந்தத் தங்கப்பாண்டிக்கு, குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவோம். என் மகன் சோலைதான் தாய்மாமன். நானும் என் வீட்டுக்காரரும் அவனும் சொந்தக்காரர்களும் மேளக்காரர்களும் சீர்த் தட்டுகளோடு ஆரப்பாளையத்திலிருந்து புறப்பட்டோம். பெட்ரோல் கிடைக்காத காலம், கரி பஸ். பாதி வழியில் நின்றுவிட்டது. கரியைக் கிளறி, விசிறி, தள்ளி, மேளக்காரர்களையும் தள்ளவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளை அவன் சித்தப்பா மடியில் உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்து அடுத்த காதுக்கு ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

சோலை தட்டைக் கீழே போட்டான். தேங்காய் உருண்டு போனது. அந்தப் பக்கத்துக்காரர்கள் எழுந்தார்கள், இந்தப் பக்கத்துக்காரர்கள் கை ஓங்கினார்கள். அந்தக் கூச்சலில் மீனாள் வந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். யாரையும் திரும்பிப் பார்க்காமல் எங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணனுக்காகத் தாலி கட்டியவனையே விட்டு வந்தாள் என்று எங்கள் தெரு அவளைக் கொண்டாடியது. அண்ணன்காரன் தூண்டிவிட்டு இழுத்துப் போனான் என்று அவர்கள் ஊர் திட்டியது. பிள்ளைக்கு ஒரு காதில் தங்க வளையம், ஒரு காது மொட்டை. ஒற்றைக் காது என்று தெருப்பிள்ளைகள் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் வந்து பஞ்சாயத்துப் பேசினார்கள். அங்கே கூடினால் சோலை கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தீர்ப்பு, இங்கே கூடினால் சம்பந்தி கும்பிட வேண்டும் என்று தீர்ப்பு. இரண்டு இடத்திலும் சாப்பாடு மட்டும் நன்றாக நடந்தது. ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவர்கள் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். தல்லாகுளத்து வக்கீல் ஒருவர் மூலமாக, பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டார். மீனாளுக்கு அப்போது இருபது வயசு கூட நிறையவில்லை. அவள் குடும்பம் போகப் போகிறது, அல்லது பிள்ளை போகப் போகிறது. இரண்டும் போகலாம். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

டீச்சரிடம் போய், நீங்கள் வந்து இரண்டு பக்கத்துக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். "நான் சொல்ல மாட்டேன். அவங்களை வரச் சொல்லுங்க" என்றார். நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றேன். "நான் தீர்ப்புச் சொன்னா வீட்டுக்குப் போய் என்னைத் திட்டுவாங்க. அவங்களே முடிவு பண்ணுனா யாரைத் திட்டுவாங்க?" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே நடந்து போய் அழைத்தும் வந்தார். என்ன சொல்லி அழைத்தார் என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று பேசுகிற பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து வகுப்பறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கத்தான் இப்படிக் குடும்பம் குடும்பமாகக் கூப்பிடுகிறாள் என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் நல்லதாய்ப் போயிற்று என்று வண்டியைத் திருப்பப் பார்த்தார். டீச்சர் பூட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு நடத்திக்கொண்டு போய்ப் படியில் உட்கார வைத்தார். கோடை, குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கோயிலுக்கு வந்த ஜனங்கள், வெள்ளரிக்காய் விற்கிறவள், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோரும் சுவரோரம் கூடிவிட்டார்கள். "இப்படிச் சந்தியிலயா?" என்று சம்பந்தியம்மாள் பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மறைத்தாள். "காது குத்துல சண்டை போட்டதும் சந்தியிலதானேம்மா" என்றார் டீச்சர். "நான் என்ன பேசுறேன்னு ஊரே கேக்கட்டும். எனக்கும் அது நல்லதுதான்."

டீச்சருடைய வழக்கம் ஒன்று உண்டு. முதலில் எதிராளியின் கட்சியை நீ சொல்ல வேண்டும். அதைக் கேட்டு எதிராளி, "ஆமாம், அதுதான் என் மனசு" என்று தலையாட்ட வேண்டும். அதுவரை உன் கட்சியைப் பற்றி மூச்சு விடக்கூடாது. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "அவுக சொல்றது என்னன்னா, கொழுப்பெடுத்துப் போயி..." என்று ஆரம்பித்தார். "அது உங்க கட்சி. அவங்க கட்சியைச் சொல்லுங்க" என்றார் டீச்சர். மறுபடியும் ஆரம்பித்தார், மறுபடியும் கொழுப்பில்தான் போய் நின்றது. வெள்ளரிக்காய்க்காரி, "அண்ணே, நீங்க உக்காருங்க, வேற ஆளு பேசட்டும்" என்றாள். குளக்கரையே சிரித்தது. சம்பந்தி வீட்டாரும் சிரித்தார்கள். ஒரு வருஷத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சோலைக்கும் சொல்லத் தெரியவில்லை. "அவுக ஏன் காத்திருக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். "தெரியாட்டிக் கேளுங்க, பக்கத்துலதானே இருக்கார்" என்றார் டீச்சர். அப்போதுதான் சோலை கருப்பையா பக்கம் திரும்பி, "ஏன் மாப்ள காத்திருக்கல?" என்று முதல் தடவையாகக் கேட்டான். மாப்பிள்ளை குனிந்தபடியே சொன்னார். அவர் அப்பாவுக்கு இழுப்பு. காது குத்தைப் பார்த்தே தீருவேன் என்று கட்டிலோடு கோயிலுக்குத் தூக்கி வரச் சொல்லியிருக்கிறார். வெயில் ஏற ஏற மூச்சு வாங்கியது. ரோட்டுக்கு ஆள் விட்டுப் பார்த்தார்கள், பஸ் வரவில்லை. பெரியவர் கண் மேலே செருகியது. சோலை அதைக் கேட்டுவிட்டு, வார்த்தை மாற்றாமல் சபைக்கு எடுத்துச் சொன்னான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

அடுத்து எங்கள் கட்சியைச் சொன்னது பேச்சியம்மாள். முகத்தை மூடியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். "மாமன் மடின்னா அது உக்கார்ற இடமா? நாளைக்கு இந்தப் பிள்ளையப் பெத்தவளுக்கு ஒண்ணுன்னா கேக்க நாதி இருக்குன்னு ஊருக்குக் காட்டுறது. அதுல வேற ஆள வச்சா, உனக்குக் கேக்க ஆளில்லடீன்னு சொன்ன மாதிரி. எனக்குத் தெரியாதா? என் பிள்ளைகளுக்குக் காது குத்தையில எங்க அண்ணன் வரல. இன்னிக்கு வரைக்கும் வரல" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்ட வேண்டிய இடம். ஆட்டினேன்.

இத்தோடு முடிந்தது என்று எல்லோரும் துண்டை உதறினார்கள். டீச்சர் எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒருத்தர் கட்சி பாக்கி இருக்கு. மீனாள் ஏன் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா? யார் சொல்றீங்க?" என்றார். இது என்ன கேள்வி என்று இருந்தது எனக்கு. ஊரே அறிந்த விஷயம். சோலை, அண்ணனுக்கு நேர்ந்த அவமானம் பொறுக்காமல் வந்தாள் என்றான். மீனாள் இல்லை என்று தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை, எங்கம்மா வைத வசவுக்காக வந்தாள் என்றார். அதற்கும் இல்லை. பெற்றவள் நான், எனக்குத் தெரியாமல் போகுமா என்று நானும் ஒன்று சொன்னேன். அதற்கும் இல்லை என்றாள். சுவரோரம் நின்ற கூட்டம் இன்னும் இரண்டு படி கிட்டே வந்தது.

"நீயே சொல்லும்மா" என்றார் டீச்சர்.

"பிள்ளைக்குக் காச்சல்" என்றாள் மீனாள். "காலையில இருந்தே உடம்பு கொதிச்சுச்சு. இன்னிக்கு வேணாம், இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு இவுககிட்டச் சொன்னேன், அத்தைகிட்டச் சொன்னேன். அண்ணன் வந்ததும் ஓடிப்போயி அண்ணன்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. ஆசாரி மறுபடி ஊசிய எடுக்கையில தூக்கிட்டேன். அம்புட்டுத்தான். மாமன் மடியும் தெரியாது, சித்தப்பன் மடியும் தெரியாது எனக்கு."

ஒரு வருஷம். நோட்டீஸ், வக்கீல், வேறு பெண் பார்த்தது, தெருவில் கொண்டாட்டம், ஊரில் திட்டு. இரண்டு வீட்டாரும் மடிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம் என்று பார்த்தால், பிள்ளை பெற்றவள் வேறு வழக்கில் இருந்திருக்கிறாள். பிள்ளை அன்று காய்ச்சலோடு வந்தது எங்களுக்குத் தெரியும். வெயிலில் தூக்கி வந்ததால் என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தோம், அதோடு சரி. இந்த ஒரு கேள்வியை எந்தப் பஞ்சாயத்தும் அவளிடம் கேட்கவில்லை, பெற்ற நானும் கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் பக்கத்துச் சாட்சியாகவோ புருஷன் பக்கத்துச் சாட்சியாகவோ அவளை நிறுத்தியிருப்பார்கள்.

முடிவு என்ன என்று டீச்சர் சொல்லவில்லை. கருப்பையாதான் சொன்னார். "அடுத்த காதை மாமன் மடியிலயே குத்துவோம். நாள் மட்டும் மீனாள் சொல்லட்டும்" என்றார். மீனாள், "பிள்ளை உடம்பு நல்லா இருக்கிற நாளாப் பாத்துச் சொல்றேன். இவுக அப்பாவும் பார்க்கிற இடத்துல வச்சுக் குத்தணும், வெயிலுக்கு முந்தி" என்றாள். அப்படியே நடந்தது. அதே தெப்பக்குளக் கரையில், மாரியம்மன் கோயில் வாசலில், சோலை மடியில். இழுப்புக்காரப் பெரியவர் கூண்டு வண்டியில் வந்து இறங்காமலே பார்த்தார். மீனாள் அங்கிருந்தே அவர்கள் வண்டியில் ஏறிப் போனாள். எங்கள் தெருவில் சிலருக்கு அது ஏமாற்றம்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்துப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். டீச்சர் வழக்குப் பேச உள்ளே போகவில்லை. படியே போதும் என்றுவிட்டார். சனிக்கிழமை தோறும் தெப்பக்குளப் படியில் ஜனம். கிழக்கே இருந்தும் மேற்கே நாகமலைப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். வக்கீல் குமாஸ்தாக்கள் முணுமுணுத்தார்கள். கல்லறையில் எனக்குப் பின்னால் நின்றாரே அந்தப் பெரிய மனிதர், அவரும் ஒரு சனிக்கிழமை தம்பியோடு பாகப் பிரிவினைக்கு வந்தவர்தான். கோயிலுக்கு வந்தது போல வந்து, யாரும் பார்க்காத கீழ்ப்படியில் உட்கார்ந்தார். டீச்சர், "மேல வாங்க ஐயா, அங்க வெயில்" என்று சத்தமாகக் கூப்பிட்டார். ஐயா, நீங்கள் மறந்திருக்கலாம். படியில் இருந்த எங்களில் யாரும் மறக்கவில்லை.

டீச்சர் எல்லோரையும் சேர்த்து வைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பத்தைப் பிரித்தவள் என்று ஒரு கெட்ட பெயரும் அவருக்கு உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு பெண்ணை அவள் மாமனார் வீட்டார் படிக்குக் கூட்டி வந்தார்கள். உதடு வீங்கியிருந்தது, கை தூக்க முடியவில்லை. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அவள் கட்சியைச் சொல்கிறேன் என்று நல்ல பிள்ளையாக ஆரம்பித்தான். டீச்சர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "பயந்து நடுங்குறவ தலையாட்டுனா அதுக்கு அர்த்தமே இல்லை. இது இந்தப் படியில பேசுற வழக்கு இல்லை" என்றார். அந்தப் பெண்ணை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவள் திரும்பிப் போகவில்லை. இப்போது நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவர்கள் ஊர்க்காரர்கள் டீச்சர் வீட்டில் கல்லெறிந்தார்கள். மறு சனிக்கிழமை டீச்சர் படிக்கு வந்தார். நாங்கள் சில பெண்கள் அன்று சீக்கிரமே போய் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். ஆமாம், அந்தக் குடும்பத்தை அவர் பிரித்தார். பிரிக்க வேண்டியதைப் பிரித்தார். இதில் வெட்கப்பட எங்களுக்கு ஒன்றுமில்லை.

பொம்பளைப் பஞ்சாயத்து ஒழிந்தது என்று சொன்னவருக்கு ஒரு சேதி. போன சனிக்கிழமை நானும் பேச்சியம்மாள் மதினியும் தெப்பக்குளப் படிக்குப் போனோம். சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் போனோம். எங்களுக்கு முன்னாலேயே ஒரு மாமியாரும் மருமகளும் வந்து, டீச்சர் இல்லையென்றால் யார் என்று நின்றிருந்தார்கள். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மதினி, "டீச்சரம்மா மாதிரி எங்களுக்குப் பேசத் தெரியாது. ஆனா உக்காருங்க" என்றாள். மருமகளின் கட்சியை மாமியாரைச் சொல்லச் சொன்னேன். சாயங்காலம் வரை ஆயிற்று, பாதிதான் முடிந்தது. இந்தச் சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறோம். டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வி. அவள் பக்கத்தை நீ சொல்லு, பார்ப்போம். அதை யாரும் அடக்கம் பண்ண முடியாது.

கடைசியாக, இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று. டீச்சர் முன்னால் உட்கார்ந்து எழுந்து போன குடும்பங்கள் இந்தச் சீமை முழுக்க இருக்கின்றன. இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும், ஊருக்கும் தெரிய வேண்டும். பழைய கல்யாணப் படம் வேண்டாம். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு புதுப் போட்டோ எடுத்து, பின்னால் பெயர்களை எழுதி, பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு, மீனாளின் அம்மாவுக்கு என்று போட்டுத் தபாலில் அனுப்புங்கள். எங்கள் முன் அறையில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற சுவரில் மாட்டப் போகிறேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அந்தப் பெண்ணும் அனுப்ப வேண்டும். தனியாக எப்படி நிற்பது என்று தயங்காதே, மகளே. உன் நர்ஸ் உடுப்போடு நிமிர்ந்து நின்று எடுத்து அனுப்பு. உன் படத்தை நடுவில் மாட்டுகிறேன்.